அத்தியாயம் 6: ஆற்றங்கரையில் மனை

விருத்தாசலத்தில் ஆற்றோர மனையைக் காட்டுகிறவர்கள் சித்திரை, வைகாசியில்தான் கூட்டிப்போவார்கள். மணிமுத்தாறு அப்போது வெறும் மணல்வெளி. நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்; ஓரத்தில் ஒரு குட்டையில் நாலு எருமை கிடக்கும். நாலரை மணிக்கு மேல் காற்றும் வரும். "சார், மாடி எடுத்தீங்கன்னா கோயில் கோபுரம் தெரியும்" என்று புரோக்கர் கையை நீட்டுவார். பழமலைநாதர் கோயில் கோபுரம் உண்மையிலேயே தெரியும். என் மைத்துனர் அந்தக் கோபுரத்தைப் பார்த்த மயக்கத்தில்தான் அட்வான்ஸ் கொடுத்தார். பத்திரமும் முடிந்தது. கார்த்திகையில் வாஸ்து பார்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு போனால், மனையில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு நாள் வடியவில்லை.

விற்றவர்களின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கோபுரம் தெரியும் என்றார்கள், தெரிந்தது. தண்ணீரைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அந்த மனையில் இன்றைக்கு இரண்டு முருங்கை நிற்கிறது, வீடு இல்லை.

ஆற்றங்கரை மனை கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரோடு இந்த ஊரே ஆற்றங்கரையில்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆற்றுக்கு இரண்டு எல்லை உண்டு. ஒன்று தாலுகா அலுவலகக் காகிதத்தில் இருக்கிறது, இன்னொன்று தரையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இரண்டையும் தேடிப் பிடித்து, எது உங்கள் மனைப் பக்கமாக அதிகம் நெருங்கி வருகிறதோ அதையே எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தேடல்தான்.

தரையில் இருக்கும் ஆறு

திருநெல்வேலிப் பக்கத்து மணிமுத்தாறு வேறு. நம்முடையது கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் மணிமுக்தா அணையைத் தாண்டி, விருத்தாசலம் வழியாகப் போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் சேருகிறது. கோமுகி ஆறும் நல்லூரில் இதோடு கலந்துவிடுகிறது. மணிமுக்தா அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 36 அடி, கோமுகி அணை 46 அடி. இரண்டுமே சின்ன அணைகள். மலையில் இரண்டு நாள் விடாமல் கொட்டினால் நிரம்பிவிடும். நிரம்பினால் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. அதாவது விருத்தாசலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் வரலாம். வானத்தைப் பார்த்து வெள்ளத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அணை பெரிதாக இருந்தால் பயமில்லை என்பதும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. ஆற்றுக்கு நேர் எதிரில் வீடு கட்டியவர்கள் மட்டுமல்ல, நாலு தெரு தள்ளி இருந்தவர்களும் மொட்டைமாடியில் ராத்திரியைக் கழித்தார்கள்.

ஆறு மட்டும் அல்ல. என்னைக் கேட்டால் ஆற்றைவிட ஓடை ஆபத்தானது. ஆறு தன் அகலத்தைக் காட்டி நம்மைப் பயமுறுத்தி வைக்கும். ஓடை அப்படிச் செய்யாது. பத்தடி அகலத்தில், கருவேலம் மண்டி, பதினோரு மாதம் காய்ந்து கிடக்கும். 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் வீடுகளை அடித்துக்கொண்டு போய் உயிர்களையும் எடுத்தது ஓடை வெள்ளம்தான். உங்கள் மனைக்கு எதிரே ஆறு இருக்கிறதா என்று பார்க்கிற கண், பின்பக்கம் ஓடை இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பக்கூடாது.

மனையைப் பார்க்க மூன்று தடவை போங்கள். ஒன்று கோடையில். ஒன்று ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழைக்கு மறுநாள். மூன்றாவது மாசி மகத்தன்று. கோயிலுக்கு அருகே உள்ள கரையாக இருந்தால் இந்த மூன்றாவது தடவை அவசியம். சுற்று வட்டாரமே ஆற்றில் குளித்துத் திதி கொடுக்க வந்து இறங்கும். அந்தக் கூட்டம் உங்கள் வாசல் வழியாகத்தான் போகும் என்றால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சிலருக்கு அது பாக்கியம், சிலருக்குத் தொந்தரவு. காலை நேரத்தில் கரையோடு அரை கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் இறங்குகிறது, குப்பை எங்கே கொட்டுகிறார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதெல்லாம் மூக்குக்கே தெரிந்துவிடும்.

வெள்ளத்தின் அடையாளத்தைத் தேட ஒரு சுலபமான வழியை எனக்குச் சொன்னது மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி.

"ஆயா, வெள்ளம் வந்தா இங்க எதுவரைக்கும் வரும்?"

"என்னை ஏம்பா கேக்குற? வேலிக்காத்தானைக் கேளு."

கையில் இருந்த கோலால் காட்டினார். கரையிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி ஒரு வேலிக்காத்தான் மரம். அதன் கிளைகளில், என் மார்பு உயரத்தில், காய்ந்த வைக்கோல், கிழிந்த சாக்கு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் ஒரே மட்டத்தில் சிக்கித் தொங்கின. யாரோ நூல் பிடித்துக் கட்டியது போல இருந்தது. மனிதர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், விற்கிறவர் ஆளாக இருந்தால் குறைத்தும் சொல்வார்கள். மரத்தில் தொங்கும் குப்பை யாருக்காகவும் பேசாது. அந்த மட்டத்தைக் கொத்தனார்களின் டியூப் லெவலால் உங்கள் மனை எல்லைக்கல் வரைக்கும் கொண்டுவந்து, கல்லில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டின் தரைமட்டம் பற்றிப் பின்னால் பேசும்போது அந்தக் கோடு வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர்களில் உப்புப் பூத்த கறை, மோட்டார் கொட்டகையில் ஸ்விட்ச் போர்டை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பது, இவையும் சாட்சிதான். அனுபவப்பட்ட விவசாயி போர்டைத் தலைக்கு மேல் மாட்டியிருந்தால் காரணம் இல்லாமல் மாட்டியிருக்க மாட்டார்.

காகிதத்தில் இருக்கும் ஆறு

விற்பவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் காட்டி "எல்லாம் கிளியர் சார்" என்பார். இரண்டும் தேவைதான், ஆனால் ஆற்றோர மனைக்குப் போதாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். நிலம் முதலில் என்னவாக இருந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது 'அ' பதிவேடு. அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நன்செய், புன்செய் என்று வந்தால் பெரும்பாலும் தனியார் நிலம். வாய்க்கால், ஓடை, ஏரி, குட்டை, ஆறு என்று புறம்போக்கில் வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் எண் புன்செய், அடுத்த எண் ஆற்றுப் புறம்போக்கு என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் உங்கள் முழுச் சொத்தும்.

அந்தக் கோட்டைக் காட்டுவது புலப்படம். எஃப்.எம்.பி. என்றே எல்லோரும் சொல்வார்கள். அதில் நாலு பக்கத்துக்கும் மீட்டர் கணக்கில் அளவு இருக்கும். வாய்க்கால் குறுக்கே போனால் அதற்கும் கோடு இருக்கும். உட்பிரிவு ஆன பிறகு வந்த படத்தை மட்டும் பார்க்காதீர்கள், யு.டி.ஆர். என்று சொல்லப்படுகிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய படத்தின் நகலுக்கும் விண்ணப்பம் போடுங்கள். பழைய படத்தில் இருந்த ஒரு வாய்க்கால் புதிய லேஅவுட் படத்தில் இருபதடி ரோடாக மாறியிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். ரோடு போட்டவர் தண்ணீரிடம் அனுமதி வாங்கவில்லை. அடுத்த பெருமழைக்கு அது பழைய பாதையிலேயே வரும்.

பிறகு அளவரைக் கூப்பிட்டுத் தரையில் கல் காட்டச் சொல்லுங்கள். தனியார் சர்வேயர் வேகமாக வருவார், ஆனால் ஆற்றோரத்துக்கு நில அளவைத் துறையில் பணம் கட்டி அரசு அளவரை வரவழைப்பதுதான் பின்னால் கைகொடுக்கும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஊர்ப் பெரியவர்கள் இன்னும் காணிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர். பேச்சு காணியில், பட்டா ஏரில், பத்திரம் சதுர அடியில் என்று மூன்று கணக்கு ஓடும்போதுதான் நடுவில் பத்தடி காணாமல் போகும். ஆற்றோரத்தில் அந்தப் பத்தடி எப்போதும் கரைப் பக்கமாகவே காணாமல் போகும்.

"முப்பது வருஷமா எங்க அனுபவத்துலதான் இருக்கு, வரி கட்டுறோம், கரண்ட் இருக்கு" என்று சொல்லிக் கரைப் புறம்போக்கையும் சேர்த்து விற்கிறவர்கள் உண்டு. இந்தப் பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நெடுங்கால அனுபவமோ, பெருஞ்செலவில் கட்டிய கட்டடமோ, அரசியல் செல்வாக்கோ பொது நிலத்தை வளைத்ததற்கு நியாயம் ஆகாது. அந்த வழக்கு ஒரு குளத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கென்றே 2007-ல் ஆக்கிரமிப்பு அகற்றும் தனிச் சட்டம் வந்தது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் உரிமைப் பத்திரம் ஆகாது.

ஏரியோரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அதன் பெயர் உள்வாய். ஏரி நிரம்பும்போது தண்ணீர் பரவும் இடத்திலேயே சில நிலங்களுக்குப் பட்டா இருக்கும். ஏரி வற்றிய மாதங்களில் பயிர் வைத்து வந்த நிலம். பட்டா உண்மை, பதிவும் நடக்கக்கூடும், ஆனால் கலங்கல் வழிகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும் வருடம் உங்கள் வரவேற்பறை ஏரியின் ஒரு பகுதி. கலங்கலின் மேல்மட்டத்தையும் மனையின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏரியோர மனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வெள்ள நோக்கில் தடையில்லை என்று நீர்வளத் துறை கொடுக்கும் சான்று லேஅவுட்டுக்கு இருக்கிறதா என்றும், இருந்தால் அதில் எந்த மட்டத்துக்கு மண் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் படியுங்கள். சான்றின் முதல் வரியைப் படித்துவிட்டு மூடி வைப்பவர்கள் அதிகம். கடைசிப் பக்கத்து நிபந்தனையில்தான் விஷயம் இருக்கும்.

லேஅவுட் அங்கீகாரத்தைப் பற்றி நாலாவது அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லிவிட்டேன். சுருக்கமாக: நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண் வேண்டும், 500 சதுர மீட்டருக்கோ எட்டு மனைக்கோ மேற்பட்ட திட்டமென்றால் ரெரா பதிவும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத பழைய மனைகளுக்கு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கு அந்தச் சலுகை. ஆனால் நீர்நிலையில் விழுந்த மனைக்கு அதிலும் இடமில்லை. "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்ற வார்த்தையை ஆற்றோரத்தில் நம்பாதீர்கள்.

மனை சுத்தமாக இருந்தும் பாதை சிக்கலாக இருக்கும் சங்கதி ஒன்று உண்டு. பெரிய ரோட்டிலிருந்து மனைக்கு வரும் வழி ஒரு வாய்க்காலைத் தாண்டி வந்தால், அதன் மேல் போட்டிருக்கும் குழாய்ப் பாலம் யார் அனுமதியில் போட்டது என்று கேளுங்கள். அனுமதி இல்லாத பாலத்தைத் துறையினர் ஒரு காலையில் பெயர்த்துவிட்டால், செங்கல் லாரி உங்கள் மனைக்கு வராது. அதே மாதிரி, உங்கள் எல்லைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் கரை உங்களுடையது அல்ல. படித்துறை கட்டுவது, வேலியைத் தண்ணீர் வரை இழுப்பது, ஆற்றில் மோட்டார் இறக்குவது எதுவும் உங்கள் இஷ்டத்தில் இல்லை. நாளைக்கு அங்கே வெள்ளத் தடுப்புச் சுவர் எழுந்து காட்சியை மறைத்தாலும் கேட்க முடியாது. காட்சிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உத்தரவாதம் இல்லாத பணம் என்று தெரிந்தே கொடுங்கள்.

இந்த ஊருக்கே உரிய இரண்டு விசாரணைகள் மிச்சம். கோயில் நிலம் ஒன்று. பழைய கோயில் ஊர்களில் கரையோர நிலங்கள் மானியமாக இருந்திருக்கலாம். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தின் விற்பனை செல்லாது. இணையத்தில் வில்லங்கம் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி, மூலப் பத்திரம் வரைக்கும் போங்கள். இன்னொன்று கிழக்கே நெய்வேலிச் சுரங்கம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிலம் எடுப்பு அறிவிக்கை இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெல் நின்ற வயல்களுக்குள் இயந்திரங்களை இறக்கி, பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டினார்கள். ஆற்றங்கரை மனை என்று வாங்குகிறோம். இந்த மாவட்டத்தில் ஆற்றையே இடம் மாற்றுகிறார்கள்.

சுந்தரர் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். எல்லோரும் அந்த அதிசயத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டித் தனியே எடுத்து வைத்துக்கொண்டார், பின்னால் மாற்றுச் சரிபார்க்க. சாமியிடமே மச்சம் எடுத்தவர் ஊர் இது. புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது அவருக்கே அடுக்காது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் நீங்களே அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி ஒப்பிடுங்கள்.

மண்

செராமிக் ஊரில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. மண்ணைத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழில் இங்கே வேர்பிடிக்கக் காரணம். செராமிக் படிக்க அரசு நிறுவனமே இருக்கிறது. களிமண்ணைக் கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் ஏற்றுகிறவருக்கு, காயும்போது எவ்வளவு சுருங்கும் என்பதுதான் பிழைப்பு. வீடு கட்டுகிறவருக்கும் அதுதான் முதல் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி மனை பார்க்கக் கூட வந்தபோது செய்ததைச் சொல்கிறேன். நாலடி தோண்டச் சொல்லி அடி மண்ணை ஒரு பிடி எடுத்தார். கல், வேர் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். கையில் ஒட்டாத பதம் வந்ததும் அரையடி நீளத்துக்குப் பட்டையாகத் தட்டி, அதன் மேல் ஸ்கேல் வைத்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறினார். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, அதே கோட்டை மறுபடி அளந்தார். 9.1. "அண்ணே, இது கப்பு செய்ய நல்லாருக்கும். வீடு கட்ட வேணாம்" என்றார். மணல் கலந்த மண்ணாக இருந்தால் கோடு 9.8, 9.9-லேயே நின்றிருக்கும். சுருங்கும் மண் மழையில் வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கும் சுவரும் அதோடு ஏறி இறங்கி விரிசல் விடும். விருத்தாசலம் சுற்று வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. ஒரே ஊரில் வடக்கே ஒரு மண், தெற்கே ஒரு மண். அதனால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை அப்படியே காப்பி அடிக்கக்கூடாது.

இதையே பரிசோதனைக் கூடத்தில் முறையாகச் செய்வார்கள். காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் ஒன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, தண்ணீரில் வீங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில் 50-ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் பற்றிப் பேச்சே வேண்டாம். அப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதுதான் அண்டர்-ரீம்டு பைல்: மூன்றரை மீட்டரோ அதற்குக் கீழேயோ இறங்கி, அடியில் குமிழ் போல அகலும் தூண். மேலே இருக்கும் மண் எவ்வளவு ஆடினாலும் கீழே உள்ள குமிழ் பிடித்துக்கொள்ளும். செலவு கூடும். விலை பேசுமுன்பே மண்ணைப் பரிசோதித்தால் அந்தச் செலவை மனை விலையில் கழித்துக் கேட்கலாம்.

நிரப்பின மண்தான் ஆற்றோரத்தில் பெரிய வில்லன். மணலும் சவுடும் எடுத்த குழிகளைக் கண்டதைக் கொட்டி மூடி, மேலே ஒரு அடிக்குச் செம்மண் பரப்பி, கல் நட்டு, கொடி கட்டிவிடுவார்கள். கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரு தனி அடையாளம் உண்டு. மூன்றடி, நாலடி ஆழத்தில் வெள்ளைச் சில்லு வந்தால், உடைந்த ஃபியூஸ் கேரியர், மூக்கு போன பொம்மை, சுண்ணாம்பாகப் பொடியும் பழைய அச்சு வந்தால், அது இயற்கை மண் இல்லை. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது. அப்படி ஒரு குழியிலிருந்து முழுசாக ஒரு பீங்கான் புத்தர் கிடைத்தார். அவரை நான் மேசை மேல் வைத்திருக்கிறேன், மனையை வாங்கவில்லை. மனையின் மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாகக் குழி தோண்டிப் பார்க்க ஒரு நாள் கூலிதான் ஆகும். வாங்குவது உறுதி என்றால் குறைந்தது இரண்டு இடத்தில் போர் போட்டு மண் பரிசோதனை அறிக்கையும் எடுத்துவிடுங்கள்.

கட்டுவதற்குமுன்

நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் மனை வந்தால், கழிவு தண்ணீரில் கலக்காமல் இருக்க அனுமதி கொடுக்கும் அலுவலகம் நிபந்தனை போடலாம். நகராட்சிக்குள்ளோ ஊராட்சியிலோ, வரைபடம் போடுமுன்பே அந்த அலுவலகத்தில் வாயால் கேட்டுவிடுங்கள். 15 மீட்டர் கிட்டத்தட்ட 50 அடி. 60 அடி நீள மனையில் 50 அடி அந்தக் கணக்குக்குள் விழுந்தால் வரைபடத்தையே வேறுமாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லைக்கல்லில் போட்டு வைத்த வெள்ளக் கோட்டுக்கு மேல் இரண்டு முதல் மூன்று அடி ஏற்றி வீட்டுத் தரையை வையுங்கள். மனை முழுவதையும் மண் கொட்டி ஏற்றாதீர்கள். உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் வழக்குப் போடுவார், போடாவிட்டாலும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். வீட்டை மட்டும் உயர்த்தி, சுற்றிலும் தண்ணீர் வந்து போக இடம் விடுவதுதான் முறை. காம்பவுண்டுச் சுவரில் அடியில் ஆறடிக்கு ஒரு ஓட்டை வையுங்கள். ஓட்டை இல்லாத சுவர் வெள்ளத்தில் அணைக்கட்டாகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆற்று மணலில் கழிவு வேகமாக ஓடும் என்பதால் இங்கே இதில் சமரசம் வேண்டாம். பக்கத்து வீட்டுப் போர்வெல் எங்கே என்றும் பாருங்கள். சம்ப் விஷயத்தில் பலர் அடிபடுகிறார்கள். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம் உள்ள சம்ப்பைச் சுற்றி நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால், அதை மேலே தூக்கும் விசை எட்டு டன். காலியாக இருக்கும் சம்ப் படகு போலக் கிளம்பும், குழாயெல்லாம் பிய்யும். ஐப்பசி பிறந்ததிலிருந்து பொங்கல் வரை சம்ப்பைக் கழுவுகிறேன் என்று காலி செய்யாதீர்கள்.

மின்சார மீட்டரையும் மெயின் போர்டையும் அந்த விவசாயி மாதிரியே தலைக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் முணுமுணுப்பார்.

கடலோரம் பக்கம் மனம் போனால், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடமும் கடலூர்க் கரையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருபவை. கடல் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையும், உப்புநீர் ஏறி இறங்கும் ஆற்றின் கரையோரமும் அந்தக் கட்டுப்பாட்டில் அடங்கும். 2004 சுனாமி தேவனாம்பட்டினத்தில் என்ன செய்தது என்பதைக் கடலூர்க்காரர்களிடம் கேட்டால் விதி எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. அதன் வரைபடங்களைப் படிப்பது வேறு வேலை. ஒன்பதாவது அத்தியாயத்தில் வருகிறது.

பதிவுச் செலவு விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து மதிப்பில் 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்து என்றால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். வீட்டுக்காரம்மா பெயரில் எழுதுவதற்கு இது ஒரு காரணம் மட்டும்தான்.

பத்திரம் கைக்கு வந்ததும் கிரயப் பத்திரம், பட்டா, புலப்படம், அளவர் கொடுத்த அறிக்கை, நீர்வளத் துறைச் சான்று, மண் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, மூலங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். உறையை மாடி அறைப் பரணில் வையுங்கள். கீழ்வீட்டு பீரோவின் அடித்தட்டு ஆற்றங்கரை வீட்டில் செருப்பு வைக்கிற இடம்.